பிடித்த பாத்திரத்துக்கு நாமே ஒரு முடிவு எழுதுவது எப்படி

ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ் என்ற விண்வெளித் தொடரைப் பார்த்தவர்களிடம் ட்ரிப் டக்கர் என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். நாலு சீசன், 98 எபிசோட் ஓடிய தொடரில் முதல் நாளிலிருந்து கூடவே வந்த தலைமைப் பொறியாளர், கடைசி எபிசோடில் கப்பலுக்குள் ஏறிய சில அடியாட்களிடமிருந்து கேப்டனைக் காப்பாற்ற ஒரு பிளாஸ்மா குழாயை வெடிக்கவைத்து இறந்துபோகிறார். அவ்வளவுதான். கூட இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அழுகிற ஒரு காட்சிகூடக் கிடையாது. 2005 மே 13 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான எபிசோட் அது, நான் பார்த்தது அதற்கு வெகு காலம் கழித்து, ஆனாலும் அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதியவர்களில் ஒருவரான பிரானன் பிராகாவே பிற்பாடு அந்த முடிவு பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி ஒரு பாத்திரம் உங்களுக்கும் இருக்கும். "இப்படி முடித்திருக்கலாமே" என்று குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது மனதில் ஒரு காட்சி ஓடும். அதை எழுதிவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால், அதாவது ரசிகர்கள் இப்படித் தாங்களே எழுதும் கதை என்றால், சின்னப் பிள்ளைகள் வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு கதையை உயிராக நேசித்தவர்கள் அந்தக் கதைக்குச் செய்கிற மரியாதை அது. நான் பல வருஷமாக எழுதுகிறேன், எழுதியதில் எது நின்றது எது நிற்கவில்லை என்று பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வலிக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பேனாவை எடுத்தவுடன் "ட்ரிப் சாகவில்லை" என்று முதல் வரி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், மூன்று பக்கத்துக்கு மேல் போகவில்லை, ஏனென்றால் அவர் உயிரோடு இருக்கிறார், சரி, அப்புறம்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சாவை அழித்ததும் கதையும் காலியாகிவிட்டது.

அதனால் ஒரு தாளில் உங்களுக்கு உறுத்துகிறவற்றை எல்லாம் தனித்தனியாக எழுதுங்கள். ட்ரிப் விஷயத்தில் என் தாளில் நாலு இருந்தன. சாவுக்கான காரணம் மிகச் சிறியது. முழு எபிசோடும் இருநூறு வருஷம் கழித்து வாழ்கிற, வேறொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் ரைக்கர், தன் சொந்தக் குழப்பத்துக்கு விடை தேடி, காட்சிகளை நிஜம்போல உருவாக்கிக் காட்டும் ஹோலோடெக் அறையில் ஓட்டிப் பார்க்கும் பழைய பதிவாக வருகிறது, அதாவது தங்கள் கடைசி நாளிலேயே இவர்கள் விருந்தாளிகள். ட்ரிப்புக்கும், கப்பலில் கூட வேலை பார்த்த வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்துப் பெண் டி'போலுக்கும் இடையே இருந்த உறவு பல வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார்கள். நாலாவது, யாரும் அவரிடம் விடைபெறவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக எடுத்து உங்களையே கேளுங்கள்: இதை மட்டும் மாற்றினால் மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வேனா? காரணத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு கிரகத்தையே காப்பாற்றிச் செத்தார் என்று வைத்துப் பார்த்தேன், வலி அப்படியே இருந்தது. ரைக்கரை எடுத்துவிட்டுப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதையும் நாலாவதையும் தொட்டபோதுதான் நெஞ்சு லேசானது. டி'போல் அவருக்கு உரியவளாக நின்று அவரை அனுப்பிவைத்திருந்தால், நான் அழுதிருப்பேன், ஆனால் கோபப்பட்டிருக்க மாட்டேன். எனக்கு அவர் செத்தது பிரச்சினையே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதே மே 13 இரவில், இதற்கு முந்தைய எபிசோடும் ஒளிபரப்பானது. அதில் ட்ரிப், டி'போல் இருவருடைய மரபணுவையும் திருடி யாரோ உருவாக்கிய ஒரு கைக்குழந்தை இறந்துபோகிறது. குழந்தைக்கு எலிசபெத் என்று பெயர் வைக்கிறார்கள், அது பூமியின் மீது நடந்த தாக்குதலில் இறந்த ட்ரிப்பின் தங்கை பெயர். மனித, வல்கன் மரபணு சேர்ந்ததால் குழந்தை சாகவில்லை, குளோன் செய்த முறையில்தான் கோளாறு, ஆகவே ஒரு மனிதனுக்கும் ஒரு வல்கனுக்கும் குழந்தை பிறக்க முடியும் என்று ட்ரிப் தொண்டை அடைக்கச் சொல்கிறார், டி'போல் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் காட்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் "அதெல்லாம் எப்போதோ முடிந்துபோன உறவு" என்று சொன்னால் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கிய மாதிரி.

தொடர் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கும், அதை எங்கோ ஓர் இடத்தில் மறந்திருப்பார்கள். நான் அதை "பாக்கி" என்று சொல்வேன். பாக்கி என்ன என்று தெரிந்துவிட்டால் கதை பாதி எழுதிய மாதிரி.

டாக்டர் ஹூ தொடரில், காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசிக்குத் துணையாக வரும் டோனா நோபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஜூலையில் வந்த சீசன் முடிவில் அவள் சாகவே இல்லை. டாக்டருடைய இனமான டைம் லார்டின் அறிவு முழுவதும் அவள் மூளைக்குள் போய்விடுகிறது, அது அவளைக் கொன்றுவிடும் என்பதால் டாக்டர் அவளுடைய நினைவுகளை அழித்துவிடுகிறார். சிஸ்விக்கில் இருந்த பழைய தற்காலிக ஊழியையாக அவள் திரும்பிப் போகிறாள், தான் பிரபஞ்சத்தைக் காப்பாற்றியதே தெரியாமல். ரசிகர்கள் பதினைந்து வருஷம் புலம்பியது நினைவு போனதற்காக மட்டும் இல்லை. அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அதைச் செய்கிறார். அங்கே பாக்கி, அவளைக் கேட்டிருக்க வேண்டும் என்பது. டோனாவுக்கு நினைவு திரும்புவதாகக் கதை எழுதுபவர்கள் நிறையப் பேர், அதில் மனதில் நிற்பவை எல்லாம் அவள் தானே முடிவெடுக்கிற கதைகள்.

குவாண்டம் லீப் தொடரின் நாயகன் கடந்த காலத்தில் ஒருவர் வாழ்க்கையிலிருந்து இன்னொருவர் வாழ்க்கைக்குத் தாவிக்கொண்டே இருப்பவர், அதில் பாக்கி ஒவ்வொரு வாரமும் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. அடுத்த தாவலாவது வீட்டுக்குப் போகிற தாவலாக இருக்காதா என்று சாம் பெக்கெட் ஏங்குவதாகத் தொடக்க உரையிலேயே வரும். 97 எபிசோட் கழித்து, 1993 மே 5 அன்று, கறுப்புத் திரையில் சாம் பெக்கெட் வீடு திரும்பவே இல்லை என்று ஒரு வரி. அதிலும் அவர் பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருந்தார்கள். ஆனால் அதே எபிசோடில் வேறொரு பாக்கி அவ்வளவு அழகாகத் தீர்கிறது. 1990இல் வந்த ஒரு எபிசோடில், வியட்நாமில் கைதியாக இருந்த காலத்தில் தன்னை இறந்துவிட்டதாக நினைத்து வேறொருவரோடு போய்விட்ட மனைவி பெத்திடம் உண்மையைச் சொல்லச் சொல்லி சாமின் நண்பர் ஆல் அவரைக் கெஞ்சுவார், சாம் மறுத்துவிடுவார். கடைசி எபிசோடில் சாம் தானே அந்த வீட்டுக்குப் போய் பெத்திடம் "ஆல் உயிரோடு இருக்கிறார், காத்திருங்கள்" என்று சொல்கிறார். நண்பனுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தான் வீடில்லாமல் போகிறவன். சாமை வீட்டுக்கு அனுப்பி எழுத விரும்பினால் இந்தத் தியாகத்தை உடைக்காமல் எழுத வேண்டும், அது சுலபம் இல்லை. என்னைக் கேட்டால், சாமை விட்டுவிட்டு அவருடைய மனைவியிடம் போவேன். நாலாம் சீசன் தொடக்கத்தில் சாம் ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஆலைக் காப்பாற்றத் திரும்பவும் தாவிவிடுவார், அந்த அம்மாள் அதற்குப் பிறகும் காத்திருக்கிறார். அவரை அந்தக் கடைசி எபிசோடில் யாருமே நினைக்கவில்லை.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரின் போர்விமானி ஸ்டார்பக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். 2009 கடைசி எபிசோடில் அவள் புல்வெளியில் லீயோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போகிறாள். அவள் யார், தேவதையா, வேறு எதுவுமா என்று விளக்கம் எழுதத் தொடங்குபவர்கள் பலர், அது பெரும்பாலும் பாடம் நடத்துவது மாதிரி ஆகிவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது விளக்கமா, விடைபெறுதலா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொடரிலேயே கிடக்கிற பொருளை எடுங்கள்

பாக்கி தெரிந்த பிறகு, எழுதத் தொடங்காமல் மறுபடி பாருங்கள். எல்லா எபிசோடும் வேண்டாம், அந்தப் பாத்திரத்துக்கு முக்கியமான ஏழெட்டு போதும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு அவர் கையில் என்ன இருக்கிறது, என்ன சாப்பிடுகிறார், யாரை எப்படிக் கூப்பிடுகிறார், எப்போது பேச்சை நிறுத்துகிறார் என்று குறியுங்கள். பெரிய வசனங்களைக் குறிக்க வேண்டியதில்லை, அவை எப்படியும் ஞாபகம் இருக்கும்.

இப்படி மறுபடி பார்த்தபோது எனக்குக் கிடைத்தவை: 2001இல் வந்த முதல் எபிசோடிலேயே கேப்டனுடைய மேசையில் டி'போல் ஒரு ரொட்டிக் குச்சியைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து வெட்டிக்கொண்டிருப்பாள், வல்கன்கள் உணவைக் கையால் தொடுவதில்லை. மூன்றாம் சீசனில் தங்கையை இழந்து தூக்கம் இல்லாமல் தவிக்கும் ட்ரிப்புக்கு அவள்தான் வல்கன் முறையில் நரம்புகளை அழுத்திவிட்டுத் தூங்கவைப்பாள். அதே சீசனில், காலத்தில் பின்னோக்கிப் போய் மாட்டிக்கொண்ட இன்னொரு என்டர்பிரைஸ் வருகிறது, அதில் ட்ரிப்பும் டி'போலும் கல்யாணம் செய்துகொண்டு, அவர்கள் மகன் லோரியன் கேப்டனாக இருக்கிறான். வயதான டி'போல் இளைய டி'போலிடம் பேசுகிற காட்சியைத் தவறவிடாதீர்கள். ட்ரிப்புக்குப் பீக்கன் பருப்பு வைத்துச் சுடுகிற பை என்றால் உயிர். கடைசி எபிசோடிலேயே, ட்ரிப்பின் பொருட்களைப் பெட்டியில் அடுக்கியபடி, அவருடைய பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று டி'போல் கேப்டனிடம் சொல்கிறாள். பார்த்தாளா இல்லையா என்று நமக்குக் காட்டவில்லை. கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இது தவிர இன்னொரு பெரிய வாசல், அந்த ஹோலோடெக். நாம் பார்த்தது நடந்ததை இல்லை, நடந்ததாகப் பதிவில் இருப்பதை. பதிவு பொய்யாக இருந்தால்? 2007இல் வந்த ஒரு ஸ்டார் ட்ரெக் நாவல் இதைத்தான் பிடித்துக்கொண்டது: ட்ரிப் சாகவில்லை, ரோமுலன்கள் என்ற எதிரி இனத்திடையே உளவு பார்ப்பதற்காக அவர் செத்ததாக நாடகம் ஆடினார்கள் என்று. எந்த ஓட்டை வலித்ததோ அதிலேயே கையை விட்டுத் திறந்திருக்கிறார்கள். ரசிகர்கள் பலருக்கு அதுதான் உண்மையான முடிவு.

வெளியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவருவது கடைசி வழியாக இருக்கட்டும். முக்கியமாக, எல்லாப் பிரச்சினையையும் வந்து தீர்த்துவைக்கிற, எல்லோருக்கும் உடனே பிடித்துப்போகிற ஒரு புதுப் பாத்திரத்தை நுழைக்காதீர்கள். 1973இல் ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகர் எழுதிய கதையிலிருந்துதான் அப்படிப்பட்டவர்களுக்கு மேரி சூ என்று பெயரே வந்தது. உங்கள் ஆசையைச் சுமக்கிற வேலையைத் தொடரில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் கொடுங்கள்.

எவ்வளவு மாற்றுவது

முடிந்த அளவு குறைவாக.

ஏன் என்றால் டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் முடிவைப் பாருங்கள். 1999 ஜூன் 2. நாயகன் சிஸ்கோ தன் கர்ப்பிணி மனைவி காசிடியிடம் விடைபெற்று, காலத்துக்கு அப்பாற்பட்ட தீர்க்கதரிசிகள் என்ற வேற்றுலக உயிர்களோடு இருக்கப் போகிறார். முதலில் எழுதியபடி அவர் திரும்பி வரமாட்டார். சிஸ்கோவாக நடித்த ஏவரி ப்ரூக்ஸ் தயாரிப்பாளர் ஐரா பேரிடம் பேசி, ஒரு கறுப்பினத் தகப்பன் கர்ப்பமான மனைவியை விட்டுப் போய்விடுவதாகக் காட்டினால் அது என்ன சொல்லும் என்று கவலைப்பட்டார். அந்தக் காட்சியின் வசனத்தை மாற்றித் திரும்ப எடுத்தார்கள்: வருவேன், எப்போது என்று தெரியாது, ஆனால் வருவேன். அவர் போகத்தான் போகிறார், மற்றது எதுவும் மாறவில்லை. சில வரிகள்தான். ஓடிப்போன தகப்பன் என்ற பழி இல்லாமல், வாக்குக் கொடுத்துவிட்டுப் போன தகப்பன் ஆகிவிட்டார். முடிவை மாற்றுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

டாக்டர் ஹூவும் டோனாவின் பாக்கியை அவளிடம் தீர்ப்பதற்கு முன்னால் வேறொருத்தி மூலம் ஒரு தவணை கட்டியது. 2015 டிசம்பரில், அப்போது டாக்டருக்குத் துணையாக இருந்த கிளாராவின் நினைவை அழிக்க டாக்டர் தயாராகிறார், அவள் ஒட்டுக்கேட்டு, கருவியை மாற்றியமைத்து, என் கடந்த காலம் எனக்குச் சொந்தம் என்று நிற்கிறாள். கடைசியில் நினைவை இழப்பது டாக்டர். டோனாவை மனதில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி எங்கே போய்த் தொட்டது என்று சொல்லவே வேண்டாம். 2023 நவம்பரில் டோனாவே திரும்பி வந்தாள். இந்த முறை அவளுக்குத் தேர்வு இருந்தது, ஆபத்து தெரிந்தே, மகளையும் ஊரையும் காப்பாற்ற அவளே சரி என்கிறாள். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்குப் பிறகு, அந்தச் சக்தியைத் தாயும் மகளும் பிறவி வழியாகப் பகிர்ந்துகொண்டார்கள், இப்போது அதை விட்டுவிடலாம் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பதினைந்து வருஷம் உயிரைக் கொல்லும் என்று சொல்லிவந்த ஒன்று ஒரு மூச்சில் போய்விட்டது. நீங்கள் எழுதும்போது, மீட்டுக்கொண்டு வருவதற்கு ஒரு விலை வையுங்கள். ஸ்டார்கேட் அட்லாண்டிஸில் டாக்டர் கார்சன் பெக்கெட் இறந்தபோது ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள், அவரை அடுத்த சீசனில் குளோனாகக் கொண்டுவந்தார்கள். பழைய கார்சன் செத்தது செத்ததுதான், வந்தவர் அதே நினைவுகளோடு, தனக்குச் சொந்தமில்லாத ஒரு வாழ்க்கைக்குள் வந்து நிற்கிறார். வலியும் இருக்கிறது, அவரும் இருக்கிறார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும்

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே "யூ". நமக்கு அப்படி இல்லை, முதல் வசனத்திலேயே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். பலர் இதைத் தலைவலியாக நினைக்கிறார்கள், எனக்கு இது கிடைத்த பெரிய சொத்து. டோனா டாக்டரை முதல் நாளிலிருந்தே "நீ" என்றுதான் சொல்வாள், வேறு எப்படியும் அவள் வாயில் வராது. அவளுடைய தாத்தா வில்ஃப் அதே டாக்டரை "ஐயா" என்பார், பழைய சிப்பாய் அவர், சல்யூட் அடிக்கிறவர். சாமும் ஆலும் தனியாக இருக்கும்போது "டா" போட்டுக்கொள்ளலாம். டி'போல்? வருஷக்கணக்காக ட்ரிப்பை "கமாண்டர்" என்று கூப்பிட்டவள். "நீங்கள்"தான்.

என் கதையில் டி'போல் ட்ரிப்பின் அம்மாவைப் பார்க்கப் போகிறாள். அம்மா மகனைப் பற்றி "அவன்" என்று பேசுகிறார், டி'போல் "அவர்" என்கிறாள். கப்பலில் கூட வேலை பார்த்த அதிகாரியைப் பற்றி அப்படித்தான் சொல்வாள். ஆனால் நம் காதில் அந்த "அவர்" இன்னொரு விதமாகவும் கேட்கும், புருஷனைப் பற்றி மாமியாரிடம் பேசுகிற பெண்ணின் "அவர்". ஒரு எழுத்தும் மாற்றாமல், பேச்சு போகப் போக முதல் அர்த்தம் தேய்ந்து இரண்டாவது அர்த்தம் மேலே வருகிறது. தொடர் பேச்சுவாக்கில் முடித்துவிட்ட உறவை அந்த ஒரு சொல் திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பகுதியை இங்கே வைக்கிறேன்:

*அம்மா தட்டை அவள் முன்னால் நகர்த்தினார். பீக்கன் பை, ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது.*

*"வேண்டுமென்றே கருகவிட்டேன். அவனுக்கு அந்த ஓரம்தான் வேண்டும்."*

*"அவர் சொல்லியிருக்கிறார்," என்றாள் டி'போல்.*

*"வேறு என்ன சொன்னான்?"*

*"தங்கையைப் பற்றி. தூக்கம் வராத இரவுகளில்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "அவர் தூங்கிய பிறகு விளக்கை நான்தான் அணைப்பேன்."*

*அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் முள்கரண்டி எடுத்து வந்தார். திரும்பி வந்தபோது டி'போல் அந்தக் கருகின ஓரத்தை விரல்களால் உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.*

முதலில் எழுதியபோது இதற்குப் பிறகு இன்னும் ஒரு பத்தி இருந்தது. டி'போலின் கண்ணில் ஈரம், அம்மா அவளைக் கட்டிக்கொள்கிறார், "நீயும் என் மகள்தான்" என்கிறார். இரண்டு நாள் கழித்துப் படித்துவிட்டு அதை வெட்டிவிட்டேன். முதல் எபிசோடில் ரொட்டியைக் கத்தியால் வெட்டியவள் இங்கே கையால் சாப்பிடுகிறாள், பார்த்தவர்களுக்கு அது போதும். பார்க்காதவர்களுக்கு எத்தனை கண்ணீர் எழுதினாலும் ஏறாது. நீங்களும் எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

வெளியிடும்போது

ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் தளம்தான் எனக்குத் தெரிந்து நல்ல இடம். ரசிகர்களே 2009இலிருந்து லாபநோக்கு இல்லாமல் நடத்துகிறார்கள், 2019இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் வாங்கியது. தமிழ்க் கதையையும் போடலாம். டேக் போடுவதில் சோம்பல் படாதீர்கள். நடந்ததை மாற்றியிருந்தால் "கேனன் டைவர்ஜென்ஸ்", காயத்தைச் சரிசெய்கிற கதை என்றால் "ஃபிக்ஸ்-இட்", என் கதை மாதிரி விட்டுப்போன காட்சியை நிரப்பினால் "மிஸ்ஸிங் சீன்". முக்கியப் பாத்திரம் சாகிறது என்றால் அதற்கென்று இருக்கிற எச்சரிக்கையைக் கட்டாயம் போடுங்கள், ஏற்கெனவே ஒரு தடவை அவரைப் பறிகொடுத்தவர்கள்தான் தேடி வந்து படிக்கிறார்கள். காசு வாங்காதீர்கள், பாத்திரங்கள் நம்முடையவை இல்லை. கோபத்தில் நடிகர்களையோ எழுதியவர்களையோ முன்னுரையில் திட்டுவதும் வேண்டாம், கதைதான் உங்கள் பதில்.

தொடரை எடுப்பவர்களுக்குக் கதையை அனுப்பலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. பாபிலோன் 5 எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி ரசிகர்களோடு இணையத்தில் நேரடியாகப் பேசுகிறவர். அவர் மனதில் வைத்திருந்த ஒரு எபிசோடின் கருவையே ஒரு ரசிகர் தற்செயலாக அங்கே எழுதிவிட்டார். திருடிவிட்டார் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அந்த எபிசோடைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று, அந்த ரசிகர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எடுக்க முடிந்தது. 1995 நவம்பரில் ஒளிபரப்பான அது அந்தத் தொடரின் மிக நல்ல எபிசோடுகளில் ஒன்று, ஒரு சின்னத் தவறால் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

அதற்குப் பதிலாகத் தொடரைப் பார்த்த இரண்டு பேரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த வரியில் இது அவர் பேச்சு இல்லை என்று தோன்றியது என்று மட்டும் கேளுங்கள். என் கதையைப் படித்த தோழி ஒருத்தி, ஜன்னலைப் பார்த்துவிட்டு டி'போல் "தினமும் நினைக்கிறேன்" என்று சொல்கிற இடத்தில் விரலை வைத்தாள். அவள் அப்படிச் சொல்லமாட்டாள் என்றாள். அந்த இடத்தில்தான் இப்போது விளக்கு இருக்கிறது.